விசாரிக்கும் கையும் காவல் காக்கும் கையும்



கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், ஜெஞ்சாரோமை ஒட்டி எங்கோ ஓரிடத்தில், போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் பார்வையில் இது மிகச் சிறிய காரியம். 1967ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் அவருக்கு வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஓட்டுநரை லைசென்ஸ் காட்டச் சொல்கிறது. காட்டினால் போகலாம், குற்றம் இருந்தால் சம்மன். இதற்கும், லாக்கப்பில் ஓர் இளைஞர் உயிரற்றுக் கிடப்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்க வேண்டும். அந்தத் தூரம் சிலருக்கு ஏன் சில மணி நேரத்திலேயே கடக்கப்பட்டுவிடுகிறது என்பதே இன்றைய என் கேள்வி. நம் நாட்டில் இந்த விவாதம் எழும்போதெல்லாம் ஒரு தரப்பு கெட்ட போலீஸ்காரர்களைப் பற்றிப் பேசுகிறது, மறுதரப்பு கெட்ட பையன்களைப் பற்றிப் பேசுகிறது. மனிதர்களின் குணத்தைப் பற்றிய இந்த வழக்காடல் இருபது ஆண்டுகளாக நடந்தும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பிடிபட்டவரின் உடலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால் முடிவுக்கு வர முடியும் என்று நம்புகிறேன்.

சாலையில் நிறுத்தப்படுவதற்கு இந்த வட்டாரத்தில் ஒரு பழைய பொருள் உண்டு. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, கொடுமைக்கார மேற்பார்வையாளர்களை நீக்க வேண்டும் என்பது இருந்தது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. அந்தக் கோரிக்கையை எழுதிய தொழிலாளிகளுக்கு, சாலையில் ஒருவனை இறக்கி நிற்கவைப்பது வெறும் மரியாதை விஷயம் இல்லை என்பது தெரிந்திருந்தது. தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து அவசரகாலம் பிறந்தது. ஜெஞ்சாரோம் அந்தக் காலத்தின் முள்கம்பி சூழ்ந்த புதுக்கிராமங்களில் ஒன்று. இன்று நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் அடையாள அட்டையும் 1948ன் அவசரகாலப் பதிவு விதிகளில் பிறந்ததுதான். முள்கம்பி போய்விட்டது. சாலையில் நிறுத்தப்படுபவர் தன்னை நிரூபிக்க வேண்டும், நிறுத்துபவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சாதாரண உடையில் வந்து நிறுத்துபவரிடம் அதிகார அட்டையைக் கேட்கலாம். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டோரும் நீல அட்டை, அதற்குக் கீழ்ப்பட்டோர் மஞ்சள் அட்டை, துணைப்படையினர் வெள்ளை அட்டை வைத்திருப்பார்கள். சிவப்பு அட்டை பணி இடைநீக்கம் செய்யப்பட்டவருடையது, அவருக்கு அதிகாரமே கிடையாது. வழக்கறிஞர் மன்றம் சிவப்பு மேலட்டையிட்ட ஒரு சிறு கையேட்டில் இவற்றையெல்லாம் எழுதிப் பல ஆண்டுகளாக விநியோகித்து வருகிறது. கைது என்று வந்துவிட்டால் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு முன்னே வந்து நிற்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2007 முதல் நடப்புக்கு வந்த 28ஏ பிரிவு, உறவினர் ஒருவருக்கும் வழக்கறிஞர் ஒருவருக்கும் தகவல் சொல்லும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவிலேயே ஒரு வாசலும் திறந்திருக்கிறது. கூட்டாளி தப்பிவிடுவான் என்றோ சாட்சியம் அழிந்துவிடும் என்றோ துணை சூப்பரிண்டெண்டெண்ட் தகுதிக்குக் குறையாத அதிகாரி கருதினால், அந்த உரிமையை நிறுத்திவைக்கலாம். அப்படிக் கருதியது சரியா தவறா என்பதை அந்த மணித்துளியில் சோதிக்க வெளியே ஒருவரும் இல்லை. சட்டப்புத்தகத்தில் குறை அதிகமில்லை. அந்த முதல் 24 மணி நேரத்தில் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரும் பிடிபட்டவரை வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் குறை.

குகன் வழக்கை எடுத்துக்கொள்வோம். கார் திருட்டு விசாரணைக்காக 2009 ஜனவரி நடுவில் பிடிக்கப்பட்ட அ.குகன், ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் சவக்கிடங்குக்குள் போய் உடலைப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் நாடெங்கும் பரவின. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாம் பரிசோதனை, அடியினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைச் சொன்னது. ஒரே உடல், இரண்டு அறிக்கைகள். அந்த இரண்டாம் அறிக்கை வருவதற்குக் காரணம் எந்தச் சட்டப்பிரிவும் இல்லை, ஒரு குடும்பத்தின் பிடிவாதம். குற்றவழக்கில் ஒரே ஒரு காவலர்தான் கூண்டில் ஏறினார். காயம் விளைவித்ததற்காக 3 ஆண்டு சிறை. உரிமையியல் வழக்கில் 2013 ஜூனில் உயர்நீதிமன்றம் போலீஸ் தரப்பைப் பொறுப்பாக்கி, குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்குச் சற்று மேல் இழப்பீடு விதித்தது. ஒரு நிலையத்துக்குள் பல நாள் விசாரிக்கப்பட்ட ஒருவரின் உடல் முழுதும் காயம் என்றால், பார்த்தவர்கள் பலர் இருந்திருக்க வேண்டும். பார்த்தவர் எவருக்கும் அதை நிறுத்தும் கடமை தனியாக ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. விசாரணை அதிகாரியின் சந்தேக நபர் அவருக்கே உரியவர் என்ற பணியிட வழக்கத்தை எல்லாரும் மதித்திருக்கிறார்கள்.

கிள்ளானில் 2017 பிப்ரவரியில் நடந்தது இதைவிட எனக்கு முக்கியமான சான்று. ச.பாலமுருகன் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டார். அவர் அடிபட்டிருந்ததை மாஜிஸ்திரேட் கண்ணால் பார்த்தார். ரிமாண்ட் தர மறுத்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். நீதித்துறை செய்ய வேண்டியதை அன்று செய்தது என்றே சொல்ல வேண்டும். அன்றிரவே, கிள்ளான் வடக்கு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் பாலமுருகன் இறந்துபோனார். மாஜிஸ்திரேட்டின் வாயிலிருந்து புறப்பட்ட கட்டளை எந்தக் கையில் விழுந்தது என்று பாருங்கள். எந்தக் கையிலிருந்து அவரைக் காக்க வேண்டும் என்று நீதிமன்றம் நினைத்ததோ, அதே கையில் விழுந்தது. வேறு கை அங்கே இல்லை. அமலாக்க நிறுவனங்களின் நேர்மை ஆணையம் பிறகு விசாரித்து, போலீஸ் தரப்பின் தவறுகளைக் கண்டறிந்து சொன்னது. அதற்கு முன் 2013 மே மாதம் கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் இறந்த ந.தர்மேந்திரன் வழக்கிலும் அதே ஆணையம், போலீஸார் பயன்படுத்திய உடல் வன்முறையே மரணத்துக்குக் காரணம் என்று கண்டது. ஆணையத்தின் அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். அவை தெளிவானவை, துணிச்சலானவை. ஆனால் எல்லாமே இறந்தபின் எழுதப்பட்டவை.

2021ல் கோம்பாக்கில் இரண்டு பெயர்கள். பால் வியாபாரி அ.கணபதி பிப்ரவரி 24ல் கைதாகி, மார்ச் மாதம் செலாயாங் மருத்துவமனைக்குப் போய், ஒரு கால் வெட்டி எடுக்கப்பட்டு, ஏப்ரல் 18ல் இறந்தார். லாக்கப்பில் அடிக்கப்பட்டார் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. அடுத்த மாதமே சிவபாலன், கைதான அதே நாளில் இறந்தார். இந்த வரிசையை இன்னும் நீட்டலாம். நீட்டினால் கோபம் வளரும், தெளிவு வளராது.

ஒருவரை ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்டால், கோபம், இனவெறுப்பு, பழக்கம் என்று பதில்கள் வரும். மூன்றும் இருக்கலாம். அவற்றோடு சட்டத்துக்குள்ளேயே ஒரு தூண்டுதல் இருப்பதை நாம் போதிய அளவு பேசவில்லை. போலீஸிடம் தரும் வாக்குமூலத்தை அப்படியே குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தும் வழியை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113ஆம் பிரிவுக்குச் செய்யப்பட்ட திருத்தம் பெருமளவு அடைத்துவிட்டது. நல்ல திருத்தம். ஆனால் 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலின் அந்தப் பகுதி சாட்சியமாகும். ஆங்கிலேயர் 1872ல் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தின் வாரிசு இது. "கத்தி எங்கே, கார் எங்கே, செயின் எங்கே" என்ற கேள்விக்கு வரும் பதில் மட்டும் இன்றும் விலையுள்ளது. வாக்குமூலத்துக்கு விலை போய்விட்டது; இடத்தைக் காட்டுவதற்கு விலை இருக்கிறது. கார் திருட்டு, நகைப்பறிப்பு போன்ற, பொருளைக் கண்டெடுக்க வேண்டிய வழக்குகளில் விசாரணை அறை எப்படி ஆகிவிடும் என்பதை இந்த ஒரு பிரிவு பெருமளவு விளக்குகிறது. அதோடு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவு தரும் ரிமாண்ட். ஒரு மாவட்டத்தில் நாள் தீர்ந்ததும் இன்னொரு மாவட்டம் வேறு ரிப்போர்ட்டைக் காட்டிக் கைது செய்யும் 'சங்கிலி ரிமாண்ட்' வழக்கம். ஆளும் நேரமும் இரண்டும் விசாரணை அதிகாரியின் கைக்குள் வந்துவிடுகின்றன.

ஆகவே என் வாதம் இது. கைதானவர் நிலையத்தின் வாசலைத் தாண்டிய நிமிடம் முதல், அவருடைய உடலுக்குப் பொறுப்பாளர் விசாரணையில் எந்தப் பங்கும் இல்லாத வேறொருவராக இருக்க வேண்டும். அவர் பதிவேட்டில் எழுதாமல் விசாரணை அதிகாரி ஆளை வெளியே கொண்டுபோக முடியக்கூடாது. திரும்பக் கொண்டுவரும்போது உடலைப் பார்த்து மறுபடி எழுத வேண்டும். உறவினருக்குப் போன் செய்வதும் மருத்துவரை அழைப்பதும் அவருடைய கடமையாக இருக்க வேண்டும். தவறினால் அவர் பெயரில் வழக்கு வர வேண்டும். இது வானத்திலிருந்து பறித்துவந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில், தவறான வாக்குமூலத்தால் இளைஞர்கள் தண்டிக்கப்பட்ட ஒரு கொலைவழக்கு கிளப்பிய அதிர்ச்சிக்குப் பின், 1984ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதில் சார்ஜண்ட் தகுதிக்குக் குறையாத காவல் பொறுப்பு அதிகாரி ஒருவர் விசாரணையிலிருந்து பிரித்து வைக்கப்பட்டார். விசாரணையை ஒலிப்பதிவு செய்வது வழக்கமானது. அங்கேயும் காவல் மரணங்கள் நின்றுவிடவில்லை. ஆனால் நடந்தால், யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்கிறது. நம் நாட்டிலும் பாதி வேலை நடந்திருக்கிறது. ஜிஞ்சாங்கில் இருப்பது போன்ற மைய லாக்கப்புகள், ஆளை நிலையத்திலிருந்து பிரித்து வைக்கின்றன. ஆனால் விசாரணைக்காக அதிகாரி அவரை அங்கிருந்து எடுத்துப்போகிறார். கட்டடம் பிரிந்தது, பொறுப்பு பிரியவில்லை.

இதற்கு முதல் மறுப்பு, கேமரா வைத்தால் போதாதா என்பது. உடையில் அணியும் கேமராக்கள் நம் போலீஸுக்கும் கட்டம் கட்டமாக வருகின்றன. சாலையில் நடக்கும் நிறுத்தங்களுக்கு, குறிப்பாகக் 'காப்பிக் காசு' என்ற பெயரில் லஞ்சம் கேட்கும் வழக்கத்துக்கு, அவை நிச்சயம் பயன்படும். கேமராவை நான் வரவேற்கிறேன். ஆனால் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தை மறக்கக்கூடாது. 2020 ஜூன் 19ல், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாளில் இறந்தார்கள். அந்த நிலையத்தில் கேமரா இருந்தது. நேரில் போன நீதித்துறை நடுவர், பதிவுகள் ஒவ்வொரு நாளும் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். கைதுக்குக் குறிப்பாணை வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று இந்திய உச்சநீதிமன்றம் டி.கே.பாசு வழக்கில் விதித்து அப்போது இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. விதியும் இருந்தது, கருவியும் இருந்தது. இரண்டும் விசாரிப்பவர்களின் கையில் இருந்தன. அன்றிரவு என்ன நடந்தது என்று உலகுக்குத் தெரிந்தது, அங்கே பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொன்னதால். ஒரு பெண்ணின் துணிவை நம்பி ஒரு நாட்டின் லாக்கப்புகளை நடத்த முடியாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. போலீஸார் ஆயுதம் ஏந்தியவர்களை எதிர்கொள்கிறார்கள், இருட்டில், அரை விநாடியில் முடிவெடுக்கிறார்கள். அவர்கள் கையைக் கட்டினால் குற்றம் பெருகும். சாலையில் நடப்பதற்கு இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த அரை விநாடி வாதமும் தானாகவே சரியாகிவிடாது. 2010 ஏப்ரலில் ஷா ஆலாமில், அக்காவின் காரை ஓட்டிப்போன பதினான்கு வயதுச் சிறுவன் அமினுல்ரஷித் துரத்திச் சுடப்பட்டான். காரைப் பின்னோக்கி எடுத்து மோத வந்தான் என்றது போலீஸ். கூட இருந்த நண்பன் அதை மறுத்தான். முதலில் தண்டனை பெற்ற காவலர் மேல்முறையீட்டில் விடுதலையானார். அந்த இரவின் உண்மை இன்றும் இரண்டு கதைகளாகவே இருக்கிறது. இருந்தாலும் சாலையின் அவசரத்தைக் காட்டி லாக்கப்புக்குச் சலுகை கேட்க முடியாது. விலங்கிட்டவர், பூட்டிய அறையில் இருப்பவர், ஆயுதம் பறிக்கப்பட்டவர் ஒருவரிடம் அரை விநாடி ஆபத்து கிடையாது. என் வாதம் கட்டச் சொல்வது, கைது முடிந்தபின் இயங்கும் கையை மட்டுமே.

மூன்றாவது மறுப்பை வெளியார் சொல்வதில்லை, நம் வீடுகளிலேயே கேட்கலாம்: "அவன் கேங்க்தானே, பழைய கேஸ் இருக்கே." நம் கதைமரபே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்லப் போன காவலர்கள் உடனே வாளை ஓங்கவில்லை. இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று அவர்களில் ஐயப்பட்டவர் உண்டு. பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி அந்த ஐயத்தைக் கரைத்தான். நிதானமில்லாத ஒருவன் வாளை வீசினான். பாண்டியனின் காவலர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று இளங்கோ எழுதவில்லை. ஐயம் வந்தவனுக்கு, நிறுத்து என்று சொல்லும் பதவி அங்கே இல்லை. இன்றும் நிலையங்களில் ஐயம் கொள்ளும் நல்ல போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களுக்கு அந்தப் பதவியைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பழைய கேஸ் உள்ளவருக்கும் சட்டம் வைத்திருக்கும் தண்டனை சிறைதான், அதுவும் நிரூபித்த பிறகு.

இது இந்தியர் பிரச்சினையா என்ற கேள்வியைத் தவிர்க்க மாட்டேன். மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காடாக இருக்கும் நாம் தடுப்புக் காவல் மரணங்களில் அந்த அளவைத் தாண்டியே இருந்து வந்திருக்கிறோம். அதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. எண்ணிக்கையில் மலாய்க்காரர்களும் நிறையப் பேர் இறந்திருக்கிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, அடுக்குமாடிகளில் குடியேறி, வழக்கறிஞர் எண் ஒன்றுகூடத் தெரியாத குடும்பங்கள் நம்மிடையே அதிகம். முதல் இரவில் நிலையத்துக்கு வெளியே வந்து நிற்க ஆளில்லாதவரே அதிகம் அடிபடுகிறார். தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் ரிமாண்ட் விசாரணைக்கே இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. அந்தச் செய்தி நம் கோயில் அறிவிப்புப் பலகைகளிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் இருக்க வேண்டியது.

கடைசி மறுப்பு, போலீஸாரின் நடத்தையைக் கண்காணிக்க ஆணையம்தான் வந்துவிட்டதே என்பது. துன் ஜைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005ல் 125 பரிந்துரைகளைத் தந்தது. அவற்றில் புகழ்பெற்றது ஐ.பி.சி.எம்.சி., தவறிழைத்த போலீஸார் மேல் தானே ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் ஆணையம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்தது சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம். அது விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். தண்டிக்கும் அதிகாரம் போலீஸ் படை ஆணையத்திடமே இருக்கிறது. லாக்கப்பைப் பார்க்கப் போவதற்கும் முன்னறிவிப்பு தேவை. முன்னறிவித்துவிட்டுப் போகும் கண்ணுக்கு, துடைத்துவைத்த தரைதான் தெரியும். இந்த இரண்டு விதிகளையும் திருத்த நாடாளுமன்றம் வேண்டும், காவல் பொறுப்பைப் பிரிக்கவும் சட்டம் வேண்டும், 27ஆம் பிரிவை நீக்கவும் சட்டம் வேண்டும். அவற்றுக்காக நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஒன்றுக்கு மட்டும் நாடாளுமன்றம் வேண்டாம். இந்த மாவட்டத்தில் பிடிபடுபவர் மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், மூன்று கேள்விகளைக் கேட்கும்படி மாஜிஸ்திரேட்டை வழக்கறிஞர் கோரலாம்: நேற்றிரவு உன்னை வைத்திருந்தது யார், உன் மேல் யாராவது கை வைத்தார்களா, உன்னை மருத்துவர் பார்த்தாரா. பதிலை அவர் பேசும் மொழியில் கேட்டு, சொன்னபடி பதிவு செய்யக் கோரலாம். ரிமாண்ட் மறுக்கப்பட்டால், ஆளைப் போலீஸ் வண்டியில் திருப்பி அனுப்பாமல், நீதிமன்றத்துக்கு வந்திருக்கும் உறவினரிடம் அங்கேயே ஒப்படைக்கவும், அவர்களே மருத்துவமனைக்கு அழைத்துப்போகவும் உத்தரவில் எழுதும்படி கேட்கலாம். 2017 பிப்ரவரியில், கிள்ளானில் ரிமாண்ட் மறுத்த உத்தரவுக்குப் பின் அப்படி ஒரு கை அங்கே இல்லை.